மெயில் வருகிறது, போக மாட்டேன் என்கிறது

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம். மெயில் அனுப்ப முடியவில்லை என்பதுதான் புகார். கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் எனக்கு இது புதிதில்லை. ஐப்பசி மழை தொடங்கினால் டெல்டா முழுக்க இந்தப் புகார் கூடிவிடும். இடி விழுந்து ரவுட்டர் போகும், இணைப்பு மாற்றுவார்கள், கரண்ட் போய்ப் போய் வரும். ஒவ்வொன்றும் மெயிலை ஒவ்வொரு விதமாக நிறுத்தும். அதனால் இந்தப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் நான். எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்துக்குச் சொந்த டொமைனில், அதாவது சங்கத்தின் பெயரிலேயே வாங்கிய இணையப் பெயரில், ஒரு மெயில் முகவரி இருக்கிறது. வீட்டு டெஸ்க்டாப்பில் தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராமில் பார்க்கிறேன். போன மாதம் பாஸ்வேர்டை மாற்றினோம். அதிலிருந்து மெயில் வருகிறது, அனுப்பினால் 535 என்று ஏதோ காட்டி நின்றுவிடுகிறது. மெயில் வருவதால் பாஸ்வேர்ட் சரி என்றுதானே அர்த்தம்? கடையில் கொடுத்தேன், பார்மட் போட வேண்டும் என்கிறார்கள். போடலாமா? — மன்னார்குடி வாசகர்

பதில்: வேண்டாம் ஐயா. முதலில் கம்ப்யூட்டரைக் கடையிலிருந்து திரும்ப வாங்கி வந்துவிடுங்கள். என்ன கோளாறு என்பதை அந்த 535 என்ற எண்ணே சொல்லிவிட்டது. யூசர்நேமோ பாஸ்வேர்டோ ஒத்துப்போகவில்லை என்று சர்வர், அதாவது உங்கள் மெயிலைக் கையாளும் தொலைதூரக் கம்ப்யூட்டர், சொல்கிறது. விண்டோஸில் ஒரு குறையும் இல்லை.

மெயில் வருவதால் பாஸ்வேர்ட் சரி என்று நினைத்தீர்கள் பாருங்கள், அங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். வருவதும் போவதும் ஒரே பாதை இல்லை. வயலுக்குத் தண்ணீர் கொண்டு வருவது வாய்க்கால், வெளியேற்றுவது வடிகால். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது என்பதற்காக வடிகாலும் அடைப்பில்லாமல் இருக்கிறது என்று மன்னார்குடிக்காரர் யாரும் சொல்ல மாட்டார். மெயிலை இறக்கித் தருவது ஐமேப் அல்லது பாப் 3 என்ற முறை. அனுப்பி வைப்பது எஸ்எம்டிபி. சர்வர் பெயர், போர்ட் எண் (சர்வருக்குள் நுழையும் வாசலின் எண்), பாஸ்வேர்ட் எல்லாம் இரண்டுக்கும் தனித்தனியாகவே சேமிக்கப்படுகின்றன. பாஸ்வேர்ட் மாற்றிய பிறகு மெயில் இறக்கும்போது தண்டர்பேர்ட் புதியதைக் கேட்டிருக்கும், நீங்களும் கொடுத்திருப்பீர்கள். அனுப்பும்போது இன்னொரு முறை கேட்டிருக்கும். அதே கேள்வியை ஏன் மறுபடி கேட்கிறது என்று கேன்சல் அழுத்தியிருந்தால், அனுப்பும் பக்கத்தில் பழைய பாஸ்வேர்டே தங்கிவிடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தண்டர்பேர்டில் செட்டிங்ஸ் போய், ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பகுதியில் ‘சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்’ திறங்கள். ஒரே முகவரிக்கு இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று ஐமேப் அல்லது மெயில்பாக்ஸ் என்று தொடங்கும், இன்னொன்று எஸ்எம்டிபி என்று தொடங்கும். எஸ்எம்டிபி வரியை மட்டும் நீக்குங்கள். தண்டர்பேர்டை மூடித் திறந்து உங்களுக்கே ஒரு மெயில் அனுப்புங்கள். பாஸ்வேர்ட் கேட்கும், புதியதைக் கொடுத்து, நினைவில் வைக்கச் சொல்லி டிக் போட்டுவிடுங்கள்.

தண்டர்பேர்டுக்குப் பதில் மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் வைத்திருப்பவர்கள் அக்கவுண்ட் செட்டிங்ஸில் ‘அவுட்கோயிங் சர்வர்’ என்ற பகுதியைப் பாருங்கள். அனுப்பும் சர்வருக்கும் பாஸ்வேர்ட் தேவை என்ற டிக் இல்லாமல் இருந்தாலும் மெயில் வரும், போகாது.

ஜிமெயில்காரர்களுக்கும் இதே 535 வரும், காரணம் வேறு. பழைய மெயில் புரோகிராம்களில் வெறும் ஜிமெயில் பாஸ்வேர்டைக் கொடுத்து நுழையும் வசதியைத் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்தத் தொடங்கியது. புதிய தண்டர்பேர்டில் ‘ஓஆத்2’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் கூகுளின் சொந்த லாகின் பக்கமே திறக்கும், அதுதான் நல்ல வழி. அந்த வசதி இல்லாத பழைய புரோகிராம் என்றால், கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்துவிட்டு, 16 எழுத்து ‘ஆப் பாஸ்வேர்ட்’ ஒன்று வாங்கிப் போட வேண்டும். ஹாட்மெயில், அவுட்லுக் டாட் காம் தனிநபர் கணக்குகளிலும் 2024 செப்டம்பர் 16 முதல் பழைய முறைக்கு இடமில்லை.

அப்புறம் அந்த பார்மட் விஷயம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பாப் 3 முறையில் மெயில் இறக்கினால், பல அமைப்புகளில் சர்வரில் பிரதி இருக்காது. உங்கள் ஹார்டு டிஸ்கில் மட்டும்தான் இருக்கும். பார்மட் போட்டால் சங்கத்தின் பழைய கணக்கு, நன்கொடை ரசீது, மாணவர்கள் எழுதியது எல்லாம் ஒரே அழுத்தில் போய்விடும். அப்படித் தொலைத்துவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்து கண் கலங்கியவர்கள் உண்டு. அவர்களுக்குப் பெரும்பாலும் என்னால் எதையும் மீட்டுத் தர முடிந்ததில்லை. என்றைக்காவது வேறு காரணத்துக்காக பார்மட் போடுவதாக இருந்தால், அதற்கு முன் தண்டர்பேர்டில் ஹெல்ப் மெனுவில் ‘டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ திறந்து, ‘புரொஃபைல் ஃபோல்டர்’ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் காப்பி எடுங்கள். அவுட்லுக் என்றால் பிஎஸ்டி என்று முடியும் ஃபைல். காப்பி எடுத்ததை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பார்மட் என்ற வார்த்தையே வர வேண்டும்.

கேள்வி: எங்களுடையது பஞ்சலோகச் சிலை வார்க்கும் பட்டறை. சிங்கப்பூர்க்காரர் ஒருவர் நடராஜர் கேட்டிருக்கிறார். மெழுகு உருவம் முடிந்ததும் படம் அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும், அதன் பிறகுதான் வண்டல் மண் பூச முடியும். 12 படம் சேர்த்து அவுட்லுக்கில் ஒரே மெயிலாகப் போட்டேன். கூட்டிப் பார்த்தால் 18 எம்பிதான். எங்கள் மெயிலுக்குச் சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங்கில் 20 எம்பி வரை அனுப்பலாம் என்று போட்டிருக்கிறது. ஆனாலும் 552 என்று சொல்லி அவுட்பாக்ஸிலேயே நிற்கிறது. அதற்குப் பின்னால் போட்ட சின்ன மெயிலும் போகவில்லை. — சுவாமிமலை வாசகர்

பதில்: 552 என்றால் அளவு மீறிவிட்டது என்று பொருள். 18 எப்படி 20-ஐ மீறும் என்பதுதானே உங்கள் கேள்வி? மெயில் என்பது அடிப்படையில் எழுத்துகளை மட்டும் சுமப்பதற்காக உருவான முறை. படத்தை அதில் ஏற்ற வேண்டுமானால், அதை முதலில் எழுத்துகளாக மாற்றியாக வேண்டும். அப்படி மாற்றும்போது அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருத்துவிடும். உங்கள் 18 எம்பி, சர்வர் வாசலில் போய் நிற்கும்போது 24 எம்பிக்கு மேல். 20 எம்பி வரை என்று ஹோஸ்டிங்கில் சொன்னால் 14 எம்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள், வம்பே இல்லை.

முதலில் அவுட்பாக்ஸைக் காலி செய்வோம். அது அங்கே முட்டிக்கொண்டு நிற்கும் வரை பின்னால் உள்ளவையும் நகராமல் இருக்கலாம். அவுட்லுக்கில் ‘சென்ட் / ரிசீவ்’ பகுதியில் ‘வொர்க் ஆஃப்லைன்’ அழுத்துங்கள். அவுட்லுக்கை மூடித் திறந்து, அந்த மெயிலை அவுட்பாக்ஸிலிருந்து டிராஃப்ட்ஸுக்கு இழுத்து விடுங்கள். மறுபடி ‘வொர்க் ஆஃப்லைன்’ அழுத்தி பழைய நிலைக்குக் கொண்டு வாருங்கள். இந்தக் கடைசி வேலையை மறந்தால் எந்த மெயிலும் போகாது. சின்ன மெயில்கள் உடனே கிளம்பிவிடும்.

படங்களை ஆறு ஆறாகப் பிரித்து இரண்டு மெயிலாக அனுப்பினால் போதும். படத்தின் அளவைக் குறைத்து அனுப்பச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். உங்கள் தொழிலுக்கு அது பொருந்தாது. கண் அமைப்பு, விரல் நுனி, திருவாசியின் சுடர் எல்லாம் மெழுகில் எப்படி வந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அவர் சரி சொல்ல வேண்டும். மண் பூசிய பிறகு ‘மூக்கு இன்னும் கொஞ்சம் கூர்மையாக இருந்திருக்கலாம்’ என்றால் நஷ்டம் யாருக்கு? வாட்ஸ்அப்பிலும் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். அங்கே அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

இதைவிட நல்லது, படங்களைக் கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டராக ஏற்றிவிட்டு லிங்க்கை மட்டும் மெயிலில் அனுப்புவது. ஷேர் செய்யும்போது ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அவர் திறக்கும்போது உங்களிடம் அனுமதி கேட்டு நிற்கும், நீங்கள் பட்டறையில் உலைப் பக்கம் இருப்பீர்கள். ஒப்புதலை மட்டும் மெயிலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்ன சரிக்கு நாளைக்கு ஆதாரம் கிடையாது.

கேள்வி: ஆன்லைனில் பாட்டு சொல்லித் தருகிறேன். பிள்ளைகளுக்கு ஸ்வரம் எழுதி மெயிலில் அனுப்புவது வழக்கம். கரண்ட் போய் வந்தால் ‘சர்டிஃபிகேட் சரியில்லை’ என்று வருகிறது, மெயில் போவதில்லை. பிரவுசரில் சில பக்கங்களும் திறப்பதில்லை. வைரஸா? — திருவையாறு வாசகி

பதில்: திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள் அம்மா. பல வருஷம் பின்னால் காட்டுகிறதா? அப்படியானால் வைரஸ் இல்லை, மதர்போர்டில் உள்ள பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர் 2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமாக இருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது செத்துவிட்டால், ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடும்.

மெயில் சர்வர் தன்னை நிரூபிக்கக் காட்டும் சர்டிஃபிகேட்டுக்குத் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் தன் கடிகாரத்தை வைத்துத்தான் அதைச் சோதிக்கும். 2012-இல் இருக்கும் கம்ப்யூட்டருக்கு இந்த வருஷத்துச் சர்டிஃபிகேட் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் மறுக்கிறது. அது தன் வேலையைச் சரியாகவே செய்கிறது, ‘பரவாயில்லை, தொடர்க’ என்ற பட்டனை மட்டும் அழுத்திப் பழகாதீர்கள்.

பேட்டரி வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு தேதியோடு நேர மண்டலத்தையும் பாருங்கள். சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி என்று வரும் வரியாக இருக்க வேண்டும். அமெரிக்க நேரத்தில் இருந்துவிட்டால், காலையில் அனுப்பிய பாடம் பிள்ளைகளுக்கு அரை நாள் தள்ளிய நேரத்தோடு போய்ச் சேரும்.

கேள்வி: நான் வரிக் கணக்கு எழுதித் தருபவன். சீர்காழியிலிருந்து வீடு மாறி இங்கே புது ஃபைபர் இணைப்பு எடுத்தேன். அதே கம்ப்யூட்டர், அதே மெயில். வருவது வருகிறது, அனுப்பினால் நெடுநேரம் சுற்றிவிட்டு ‘டைம் அவுட்’ என்கிறது. எண் எதுவும் காட்டவில்லை. — மயிலாடுதுறை வாசகர்

பதில்: எண் காட்டவில்லை என்று எழுதினீர்களே, அதுவே நல்ல தடயம். சர்வர் உங்களை மறுத்திருந்தால் ஏதாவது எண் சொல்லியிருக்கும். உங்கள் மெயில் சர்வர் வரைக்கும் போகவே இல்லை.

அனுப்பும் சர்வரின் செட்டிங்கில் போர்ட் என்ன என்று பாருங்கள். 25 என்றுதான் இருக்கும் என்பது என் எண்ணம். எஸ்எம்டிபி முறை 1982-இல் வகுக்கப்பட்ட காலத்தில் அதுதான் வழி. பிறகு வைரஸ் புகுந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் சொந்தக்காரருக்கே தெரியாமல் அந்த வழியாகக் குப்பை மெயில்களைக் கொட்ட ஆரம்பித்தன. அதனால் இணைப்பு தரும் பல நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் 25-ஐ அடைத்துவிட்டன. நீங்கள் சீர்காழியில் வைத்திருந்த இணைப்பில் அடைக்கவில்லை, இங்கே அடைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து மெயில் அனுப்புகிறவர்களுக்கென்று 587 என்ற போர்ட் 1998-லேயே ஒதுக்கப்பட்டது. 465-உம் உண்டு.

போர்ட்டை மாற்றும்போது பக்கத்தில் உள்ள பாதுகாப்புத் தேர்வையும் சேர்த்து மாற்றுங்கள். 587 என்றால் ‘ஸ்டார்ட் டிஎல்எஸ்’, 465 என்றால் ‘எஸ்எஸ்எல் / டிஎல்எஸ்’. இரண்டையும் மாற்றிப் போட்டால் மறுபடி சுற்றிக்கொண்டே இருக்கும்.

அதற்கும் போகவில்லை என்றால், மொபைலில் ஹாட்ஸ்பாட் போட்டு அதில் கம்ப்யூட்டரை இணைத்து அனுப்பிப் பாருங்கள். அதில் போனால் கோளாறு ரவுட்டரிலோ ஃபைபர் இணைப்பிலோ இருக்கிறது. இணைப்பு கொடுத்தவரிடம், எந்த போர்ட் திறக்கவில்லை என்று எண்ணைச் சொல்லியே கேளுங்கள். ‘நெட் வேலை செய்யவில்லை’ என்று சொன்னால், ‘இங்கே நன்றாகத்தான் காட்டுகிறது’ என்று வைத்துவிடுவார்கள். ஹாட்ஸ்பாட்டிலும் போகாவிட்டால் ஆன்டிவைரஸைப் பாருங்கள். சந்தா முடிந்துபோன ஆன்டிவைரஸ் சில நேரம் மெயிலை மட்டும் மறித்துக்கொண்டு நிற்கும். அதில் மெயில் ஸ்கேன் என்ற ஒன்றை மட்டும் நிறுத்திச் சோதித்துவிட்டு, முடிந்ததும் மறுபடி ஆன் செய்துவிடுங்கள்.

கேள்வி: விண்டோஸோடு வந்த ‘மெயில்’ ஆப்பில்தான் இத்தனை நாள் அனுப்பினேன். இப்போது அதில் ஒன்றும் போவதில்லை. — நீடாமங்கலம் வாசகர்

பதில்: அதில் இனி போகாது. மைக்ரோசாஃப்ட் அந்த ஆப்பை 2024 டிசம்பர் 31-ஓடு நிறுத்திவிட்டது. தண்டர்பேர்ட் இலவசம், அதற்கு மாறிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பிரவுசரிலேயே பாருங்கள். உங்கள் ஜிமெயிலில் 15 ஜிபி இடம் நிரம்பிவிட்டதா என்றும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். போட்டோக்களும் டிரைவும் அதே 15 ஜிபியில்தான் சேருகின்றன. நிரம்பிவிட்டால் எந்த ஆப்பிலும் போகாது, வரவும் வராது.

கேள்வி: குத்துவிளக்குக் கடை வைத்திருக்கிறோம். கடை பெயரிலேயே மெயில் முகவரி இருக்கிறது. மெயில் அனுப்பினால் ‘சென்ட்’ பகுதியில் இருக்கிறது, ஆனால் ‘மெயிலர் டேமன்’ என்று யாரோ திருப்பி அனுப்புகிறார்கள். விலைப்பட்டியல் கேட்ட வாடிக்கையாளரிடம் போய்ச் சேரவே இல்லை. — நாச்சியார்கோவில் வாசகர்

பதில்: அது ஆள் இல்லை, சர்வர் தானாக எழுதும் கடிதம். அதைப் பார்த்ததும் அழித்துவிடாமல் கடைசி வரை படியுங்கள். நடுவில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. சர்வரே திரும்பத் திரும்ப முயலும், பொறுத்திருக்கலாம். 5-இல் தொடங்கினால் நீங்கள் எதையாவது மாற்றாமல் எத்தனை முறை அனுப்பினாலும் திரும்பித்தான் வரும்.

550-க்குப் பக்கத்தில் 5.1.1 என்று இருந்தால் அப்படி ஒரு முகவரியே இல்லை. பெரும்பாலும் எழுத்துப் பிழைதான். ஒரு முறை தப்பாக அடித்தது நினைவில் தங்கி, அடுத்த முறையும் அதுவே தானாக வந்து உட்காரும். காண்டாக்ட்ஸில் போய் அந்தத் தப்பு முகவரியை நீக்கினால்தான் தீரும்.

5.7 என்று தொடங்கும் எண் இருந்தால் விஷயம் வேறு. வாடிக்கையாளர் ஜிமெயில்காரராக இருந்தால் அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். இந்தக் கடை பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வருக்கு உரிமை உண்டு என்பதற்கான பதிவு, எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம், உங்கள் டொமைனில் இருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் கூகுள் கட்டாயமாக்கிவிட்டது. இது உங்கள் கம்ப்யூட்டரில் சரி செய்யும் வேலை இல்லை. வெப்சைட் போட்டுக் கொடுத்தவரிடம் திரும்பி வந்த கடிதத்தை முழுதாக அனுப்பி, இந்த இரண்டு பதிவுகளையும் போடச் சொல்லுங்கள். அதுவரை அந்த வாடிக்கையாளருக்கு உங்கள் சொந்த ஜிமெயிலிலிருந்து விலைப்பட்டியலை அனுப்பிவிடுங்கள். வியாபாரம் காத்திருக்காது.

கேள்வி: நான் அனுப்பாத மெயில்கள் எல்லாம் எனக்குத் திரும்பி வருகின்றன. யாருக்குப் போனது என்றே தெரியவில்லை. பயமாக இருக்கிறது. — திருவாரூர் வாசகி

பதில்: பயப்பட வேண்டாம் அம்மா, ஆனால் இன்றே பார்த்துவிடுங்கள். பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து ‘சென்ட்’ பகுதியில் அந்த மெயில்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லை என்றால், பெரும்பாலும் யாரோ உங்கள் முகவரியை அனுப்புநர் இடத்தில் போட்டுக் குப்பை மெயில் அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் கணக்குக்குள் நுழையவில்லை. கொஞ்ச நாளில் தானே அடங்கும். திரும்பி வரும் மெயில்களில் உள்ள லிங்க்கை மட்டும் தொடாதீர்கள்.

‘சென்ட்’ பகுதியில் இருந்தால் யாரோ உள்ளே வந்துவிட்டார்கள். வைரஸ் இல்லாத வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள். கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் தெரியாத கருவிகள் இருந்தால் வெளியேற்றுங்கள். அப்புறம் ஜிமெயில் செட்டிங்ஸில் ‘ஃபார்வர்டிங்’, ‘ஃபில்டர்ஸ்’ இரண்டையும் திறந்து பாருங்கள். உள்ளே வந்தவர்கள் உங்கள் மெயில்கள் தங்களுக்கும் ஒரு பிரதி போகும்படி அங்கே செய்து வைத்திருக்கலாம், பாஸ்வேர்ட் மாற்றினாலும் அது தானாக நீங்காது. அங்கே தெரியாத முகவரி இருந்தால் நீக்கிவிட்டு, வங்கிக் கணக்கோடு இணைத்திருப்பது இதே மெயில்தான் என்றால் வங்கிப் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.